எவர்சில்வர் ஃபர்னஸ் சூட்டுல பொருக்கு தட்டாம இருக்க என்ன ட்ரீட்மென்ட் பண்ணலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்புக்கு ட்ரே, பாஸ்கெட் அடிக்கிறவங்க, பாய்லர் ஃபேப்ரிகேஷன்ல இருக்கவங்க, சைலன்சர் கடைக்காரங்க, ஃபைனல் இயர் புராஜெக்ட் பண்ற பசங்கன்னு பல பேர் ஒரே விஷயத்தை வேற வேற மாதிரி கேக்குறாங்க, அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதிட்டேன். இங்க பேசுறது எல்லாம் சுமார் 500 டிகிரிக்கு மேல காத்துலயோ நீராவியிலயோ நிக்கிற எவர்சில்வர், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (சுருக்கமா எஸ்எஸ்) பத்தி. டிகிரின்னு வர்ற இடமெல்லாம் செல்சியஸ்.

துருவே பிடிக்காதுன்னு சொல்லித்தானே விக்கிறாங்க, ஃபர்னஸ்ல வச்சா மட்டும் ஏன் கருத்துப் போய் உதிருது?

சாதாரண சூட்டுல எஸ்எஸ்ஸை காப்பாத்துறது ரெண்டு மூணு நானோமீட்டர் கனத்துல இருக்க ஒரு குரோமியம் ஆக்சைடு படலம். கீறினாலும் காத்து பட்ட உடனே அதுவே மூடிக்கும். சூடு ஏறும்போது இதே படலம் மைக்ரான் கணக்குல வளர ஆரம்பிக்குது, அது வளர வேண்டிய குரோமியம் முழுக்க மெட்டலுக்கு உள்ள இருந்துதான் மேல வந்தாகணும். மேல செலவாகுற குரோமியத்துக்கு உள்ள இருந்து வர்றது ஈடு குடுக்குற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. ஆக்சைடு கனமாக ஆக அது வளர்ற வேகமும் குறையும், உதாரணத்துக்கு 100 மணி நேரத்துல 1 மைக்ரான் வளர்ந்திருந்தா அது 2 மைக்ரான் ஆக மொத்தம் 400 மணி நேரம் பிடிக்கும், அதனால ஒட்டிக்கிட்டு இருக்க ஆக்சைடு நமக்கு நல்லதுதான், அதை சுரண்டி எடுக்கிறது வேண்டாத வேலை.

பிரச்சனை எப்ப வருதுன்னா ஆக்சைடு உதிர்ந்து உதிர்ந்து திரும்ப வளரும்போது. ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்க குரோமியம் கொஞ்சம் கொஞ்சமா காலியாகும், ஒரு கட்டத்துல மேல்பக்கம் 18 சதவீதமா இருந்தது ரொம்ப இறங்கிடும், அதுக்கப்புறம் குரோமியத்துக்கு பதிலா இரும்பு எரிய ஆரம்பிச்சிடும். இரும்பு ஆக்சைடு படு வேகமா வளரும், ஒட்டவும் ஒட்டாது. நீங்க ட்ரே மேல பாக்குற கட்டி கட்டியான பொருக்கு இதுதான். மெல்லிசான ஷீட்ல இது சீக்கிரம் வர்றதுக்கு காரணமும் இதேதான், 1 மில்லி ஷீட்ல இருக்க குரோமியம் கையிருப்பு 6 மில்லி பிளேட்ல இருக்கிறதுல ஆறுல ஒரு பங்குதானே.

304 எத்தனை டிகிரி தாங்கும்? 310 போட்டா எவ்ளோ?

304, 310ங்கிறதெல்லாம் எஸ்எஸ் கிரேடு நம்பர். காத்துல, ஆக்சிடேஷனை மட்டும் பாத்தா, கைப்புத்தகங்கள்ல வழக்கமா போடுற நம்பர் இது: 304ம் 316ம் தொடர்ந்து ஒரே சூட்டுல இருந்தா 925, சூடேத்தி ஆறவச்சு ஏத்தி இறக்கினா 870. 309க்கு 1095ம் 980ம். 310க்கு 1150ம் 1035ம். இப்ப 430 பாருங்க, தொடர்ந்து இருந்தா 815 தான், ஏத்தி இறக்கினா 870. 446ம் அப்படித்தான், 1095 தொடர்ந்து, 1175 விட்டு விட்டு.

நம்பர் தலைகீழா இருக்கே, அச்சுப்பிழையான்னு கேக்குறவங்க நிறைய பேர். பிழை இல்ல. 304, 310 மாதிரி நிக்கல் போட்ட ஆஸ்டெனிடிக் கிரேடுங்க சூட்டுக்கு ரொம்ப விரிவடையும், ஆக்சைடு அவ்ளோ விரிவடையாது. 900 டிகிரில இருந்து ரூம் சூட்டுக்கு ஆறும்போது ஒரு மீட்டர் நீள 304 சுமார் 16, 17 மில்லி சுருங்குது, மேல இருக்க குரோமியம் ஆக்சைடு தன் இஷ்டத்துக்கு விட்டா 7 மில்லிதான் சுருங்கும், அந்த வித்தியாசத்தை தாங்க முடியாம நொறுங்கி தெறிக்கும். ஃபர்னஸ் ஆறும்போது பக்கத்துல நின்னீங்கன்னா பட் பட்னு சின்னதா சத்தம் கேக்கும், கருப்பு செதில் ஒரு அடி ரெண்டு அடி தள்ளிப் போய் விழும். 430 மாதிரி நிக்கல் போடாத ஃபெரிடிக் கிரேடு அதே ஒரு மீட்டருக்கு சுமார் 10 மில்லிதான் சுருங்கும், ஆக்சைடுக்கு கொஞ்சம் பக்கத்துல இருக்கு, அதனால உதிர்றது கம்மி.

அதனால யாராவது என்கிட்ட கேட்டா நான் திருப்பிக் கேக்குற முதல் கேள்வி ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஆறவைக்கிறீங்கங்கிறதுதான், எத்தனை டிகிரிங்கிறது அதுக்கு அப்புறம்.

மஞ்சள், ஊதா, நீலம்னு கலர் மாறிடுச்சு. கெட்டுப்போச்சா?

இல்ல. ஆக்சைடு கனத்தைப் பொறுத்து வெளிச்சம் காட்டுற வேலை அது. 304 காத்துல சுமார் 290 டிகிரில வெளிர் மஞ்சள், 390 பக்கம் பழுப்பு, 450ல கரு ஊதா, 540ல நீலம், 600ல கருநீலம்னு போகும். பைக் சைலன்சர் பெண்டு நீலமாகுறதும் இதேதான். ஃபர்னஸ் சாமானுக்கு இதைப் பத்தி கவலையே வேண்டாம்.

வெல்டு பக்கத்துல வர்ற கலர் மட்டும் கொஞ்சம் வேற கதை, அங்க ஆக்சைடுக்கு அடியில குரோமியம் குறைஞ்சிருக்கும், அதுக்கப்புறம் ஈரத்துல, உப்புத் தண்ணில அந்த சாமான் நிக்கப்போகுதுன்னா பிக்ளிங், அதாவது ஆசிடால அந்த மேல்தோலைக் கரைச்சு எடுக்கிற வேலை, பண்ணியே ஆகணும். பிக்ளிங் பேஸ்ட்ல நைட்ரிக்கோட ஹைட்ரோஃபுளோரிக் ஆசிடும் இருக்கு, பட்ட உடனே எரிச்சல் தெரியாமலே உள்ள இறங்கி எலும்பு வரைக்கும் போற சாமான் அது. கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கு எட்டுற இடத்துல இல்லாம அந்த டப்பாவைத் திறக்கவே கூடாது, பட்டா ஜெல்லைப் போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு.

நல்லா மிரர் பாலிஷ் போட்டா, இல்ல எலக்ட்ரோபாலிஷ் பண்ணா பொருக்கு குறையுமா? பேசிவேஷன் பண்ணச் சொல்றாங்களே?

பேசிவேஷன்ல நைட்ரிக்லயோ சிட்ரிக்லயோ முக்கி எடுக்கிறது, மேல ஒட்டின இரும்புத் தூளை எடுக்கும், ரூம் சூட்டுல துரு வராது, அவ்ளோதான். 800 டிகிரில அந்த நானோமீட்டர் படலத்துக்கு வேலையே இல்ல.

பாலிஷ் விஷயம் நிறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும். பளபளன்னு எலக்ட்ரோபாலிஷ் பண்ண 304ஐயும், சாதாரணமா எமரி போட்டு கிரைண்ட் பண்ண 304ஐயும் 600 டிகிரி பக்கம் ஈரக் காத்துல வச்சுப் பாத்தா கிரைண்ட் பண்ணதுதான் நல்லா நிக்கும். காரணம், கிரைண்ட் பண்ணும்போது மேல்தோல் நசுங்கி உள்ள கிரெயின், அதாவது மெட்டல்ல இருக்க குட்டிக் குட்டி படிகங்க, எல்லாம் ரொம்பப் பொடியாகுது, பொடி கிரெயின்னா எல்லைக் கோடு நிறைய, குரோமியம் அந்த எல்லை வழியாத்தான் சீக்கிரமா மேல ஏறி வருது. எலக்ட்ரோபாலிஷ்ங்கிறது அந்த நசுங்கின தோலையே கரைச்சு எடுத்துடற வேலை, அதனால அழகு வருது, அந்த குறுக்கு வழி போயிடுது. பிக்ளிங் பண்ண சாமானுக்கும் இதே கதிதான்.

கிரைண்ட் பண்றவங்க ஒரு விஷயம் பாக்கணும், மைல்டு ஸ்டீல்ல ஓட்டின வீலையே எஸ்எஸ்ல ஓட்டாதீங்க. அந்த இரும்புத் தூள் ஒட்டின இடத்துலதான் முதல் பொருக்கு ஆரம்பிக்கும்.

ஷாட் பீனிங், ஷாட் பிளாஸ்டிங் பண்ணா நல்லதுன்னு பாய்லர் ஆளுங்க சொல்றாங்க, உண்மையா?

உண்மைதான், சின்னச் சின்ன உருண்டைகளை (ஷாட்) வேகமா அடிச்சு மேல்தோலை நசுக்கிற வேலை இது, இந்த லிஸ்ட்லயே பெரிய அளவுல காசு போட்டு எல்லாரும் பயன்படுத்துற ட்ரீட்மென்ட் இதுதான். மேல கிரைண்டிங்குக்கு சொன்ன அதே காரணம், இதுல இன்னும் ஆழமா வேலை நடக்கும்.

தெர்மல் பிளான்ட் பாய்லர்ல சூப்பர்ஹீட்டர், ரீஹீட்டர் டியூப் எல்லாம் 18-8 வகை எஸ்எஸ், 347ஹெச் மாதிரி, உள்ள நீராவி 540ல இருந்து 600 டிகிரி வரைக்கும் ஓடும், டியூப் சுவர் அதைவிட சூடு. நீராவி பக்கம் ஆக்சைடு ரெண்டு அடுக்கா வளரும், வெளி அடுக்கு இரும்பு ஆக்சைடு. பிளான்ட்டை நிறுத்தி ஆறவைக்கும்போது அந்த வெளி அடுக்கு உதிர்ந்து டியூப்போட யூ வளைவுக்கு அடியில போய் குமியும். திரும்ப ஸ்டார்ட் பண்ணா அந்த டியூப்ல மட்டும் நீராவி சரியா ஓடாது, அது ஓவர்ஹீட் ஆகி வெடிச்சிடும். அங்க தங்காம ஓடினா டர்பைன் பிளேடை மணல் அடிச்ச மாதிரி அரிக்கும். இதுக்குத்தான் டியூபுக்கு உள்ள நாசிலை விட்டு எஸ்எஸ் ஷாட்டை அடிச்சு உள்சுவரை நசுக்கிடறாங்க, ஜப்பான்காரங்க இதை ரொம்ப வருஷமாவே பண்றாங்க, இப்ப சூப்பர்கிரிட்டிகல் பாய்லர்ல உலகம் முழுக்க சகஜம். நசுங்கின அடுக்கு பத்து இருபது மைக்ரான்ல இருந்து நூறு மைக்ரான் பக்கம் வரைக்கும் போகும், அந்த இடத்துல தொடர்ச்சியான குரோமியம் ஆக்சைடு மெல்லிசா உருவாகிடும், வெளி அடுக்கு வளர்றது ரொம்பவே அடங்கிடும்.

திருச்சி பக்கம் பாய்லர் வேலை பாக்குறவங்க கவனிக்க வேண்டியது: டியூபை குளிர்ல பெண்ட் பண்ணிட்டு திரும்ப 1050க்கு மேல சூடேத்தி சொல்யூஷன் அனீல் பண்ணீங்கன்னா அந்த வளைவுல ஷாட் அடிச்ச பலன் சுத்தமா போயிடும், கிரெயின் திரும்ப வளந்துடும். வெல்டு ஓரத்துலயும் அப்படித்தான். அதே காரணத்தால 900 டிகிரி ஃபர்னஸ் ட்ரேக்கு ஷாட் பீனிங்னு காசு செலவு பண்ணாதீங்க, சுமார் 700ஐ தாண்டினாலே நசுங்கின அடுக்கு நாளாக ஆக பழையபடி ஆயிடும். இன்னொண்ணு, எஸ்எஸ் ஷாட்டோ கண்ணாடி மணியோ தான் அடிக்கணும், கார்பன் ஸ்டீல் ஷாட் அடிச்சா இரும்புத் தூள் பிரச்சனை திரும்ப வந்துடும்.

கோட்டிங் ஒண்ணும் வேண்டாம், முன்னாடியே ஒரு தடவை நல்லா சூடேத்தி ஆக்சைடு வளத்துட்டா போதாதா?

ஐடியா சரி, எதுல சூடேத்துறீங்கங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. காத்துல சூடேத்தினா குரோமியத்தோட இரும்பும் மாங்கனீசும் சேர்ந்து எரியும், கலப்படமான ஆக்சைடுதான் கிடைக்கும். ஹைட்ரஜன்ல துளி ஈரம் மட்டும் விட்டு 900, 1000 பக்கம் வச்சா ஆக்சிஜன் அவ்ளோ கம்மியா இருக்கிறதால இரும்பு எரிய முடியாது, குரோமியத்தால மட்டும் எரிய முடியும், சுத்தமான படலம் கிடைக்கும். பிரைட் அனீலிங் ஃபர்னஸ் வச்சிருக்கவங்களுக்கு ஈரத்தோட டியூ பாயின்ட் பத்தி சொல்லவே வேண்டாம், அதே கன்ட்ரோல்தான். எத்திலீன் தயாரிக்கிற கிராக்கர் ஃபர்னஸ் டியூப்ல கரி படியாம இருக்க இந்த மாதிரி முன்கூட்டியே ஆக்சைடு வளக்குறது நடக்குது. ஆனா உங்க சாமான் தினமும் ஆறி ஆறி சூடாகுதுன்னா முதல் படலம் என்னைக்கோ ஒரு நாள் உதிரும், அதுக்கப்புறம் வளர்றது உங்க ஃபர்னஸ் காத்துல வளர்றதுதான்.

அலுமினைசிங்னா என்ன? அதுதான் பெஸ்டுன்னு சொல்றாங்க.

800ல இருந்து 1000 டிகிரி வரைக்கும் நிக்கிற சாமானுக்கு என்னைக் கேட்டா இதான் உருப்படியான ட்ரீட்மென்ட். குரோமியம் ஆக்சைடை விட அலுமினியம் ஆக்சைடு பல மடங்கு மெதுவா வளரும், 1000 டிகிரி பக்கம் பத்து மடங்குக்கு மேலயே வித்தியாசம் இருக்கும். அதோட அது நீராவியில ஆவியாகிப் போகாது, கார்பன், சல்ஃபர் ரெண்டையும் நல்லா தடுக்கும். எஸ்எஸ்ஸோட மேல்தோல்ல அலுமினியத்தை ஊற வச்சிட்டா போதும், அதுக்கப்புறம் அந்த ஆக்சைடு தானா வளந்துக்கும். 1910கள்லயே அமெரிக்காவில ஜெனரல் எலக்ட்ரிக்காரங்க கேலரைசிங்னு இதை ஆரம்பிச்சுட்டாங்க, ஆக புதுசு ஒண்ணும் இல்ல.

பேக் முறையில எப்படி பண்றாங்கன்னா, சூடு தாங்குற ஒரு பெட்டி எடுத்து அலுமினியம் பவுடர், கொஞ்சம் நவச்சாரம் அதாவது அமோனியம் குளோரைடு, மிச்சம் முழுக்க அலுமினா பவுடர், மூணையும் நல்லா கலந்து அதுக்குள்ள சாமானை புதைச்சிடுவாங்க, சாமான் ஒண்ணோட ஒண்ணு தொடக்கூடாது, பெட்டி சுவரையும் தொடக்கூடாது, தொட்ட இடத்துல கோட்டிங் ஏறாது. மூடி போட்டு பூசி, ஆர்கான்லயோ ஹைட்ரஜன்லயோ 700ல இருந்து 1050க்குள்ள பல மணி நேரம். நவச்சாரம் உடைஞ்சு வர்ற ஹைட்ரஜன் குளோரைடு அலுமினியத்தோட சேர்ந்து அலுமினியம் குளோரைடு கேஸா மாறும், அந்த கேஸ்தான் அலுமினியத்தை எஸ்எஸ் தோலுக்கு கொண்டு போய் சேக்குது. அலுமினா பவுடருக்கு வேற வேலை இல்ல, எல்லாம் உருகி ஒரே கட்டியாகாம தள்ளித் தள்ளி வைக்கிறதுக்குத்தான். பெட்டியைத் திறந்தா சாமான் பளபளப்பா இருக்காது, மங்கின சாம்பல் கலர்ல பவுடர் ஒட்டி இருக்கும், பிரஷ் போட்டா போயிடும். வெட்டி மைக்ராஸ்கோப்ல பாத்தா வெளியில இரும்பு-அலுமினியம், நிக்கல்-அலுமினியம் கலவை அடுக்கு, அதுக்கு அடியில அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுக்கிட்டே போற அடுக்குன்னு தெளிவா தெரியும்.

ஆர்டர் குடுக்கிறதுக்கு முன்னாடி சிலது பேசிக்கணும். கம்மி சூட்டுல சீக்கிரமா ஏத்தின கோட்டிங்ல வெளி அடுக்கு அலுமினியம் ரொம்ப அதிகமா இருக்கும், கண்ணாடி மாதிரி நொறுங்கும், பெண்ட் பண்ணாலோ சுத்தியல்ல தட்டினாலோ கிராக் விழும். அதனால வெட்டுறது, வளைக்கிறது, வெல்டு பண்றது எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான் அனுப்பணும், அலுமினைஸ் பண்ணதுக்கு மேல வெல்டு பண்ணா அலுமினியம் வெல்டுக்குள்ள போய் வெல்டையே கெடுக்கும். சைஸ் கொஞ்சம் கூடும், மரை இருக்க இடத்தை மறைக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, நாள்பட்டா மேல இருக்க அலுமினியம் உள்பக்கமாவும் ஊறிப் போய்க்கிட்டே இருக்கும், சூடு கூடக் கூட இது வேகமா நடக்கும், 1100க்கு மேல வருஷக்கணக்குல நிக்கும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க.

ஹாட் டிப் அலுமினைஸ்டு ஷீட்டும் இதுவும் ஒண்ணா? சில்வர் பெயின்ட் அடிச்சா?

ஹாட் டிப்னா உருகின அலுமினியம்-சிலிக்கான்ல முக்கி எடுக்கிறது. வண்டி எக்ஸாஸ்டுக்கு 409 ஷீட்ல இப்படி வருது, அந்த அளவு சூட்டுக்கு நல்ல சாமான். அதை 900ல கொண்டு போய் வச்சா மேல இருக்க அலுமினியம்-சிலிக்கான் 580 பக்கமே உருக ஆரம்பிக்கும், உள்ள ஊறின மிச்சம்தான் வேலை செய்யும், பேக் முறை மாதிரி ஒரே சீரா இருக்காது.

சில்வர் பெயின்ட்ல நல்லதுன்னு சொல்ற சிலிக்கோன்-அலுமினியம் பெயின்டே 600 டிகிரி பக்கம்தான். வறண்ட காத்துல 600ல 304க்கு பெருசா ஒண்ணும் ஆகப்போறதில்ல, அப்ப எதுக்கு பெயின்ட்? ஜிங்க் கலந்த பிரைமர் மட்டும் மறந்தும் எஸ்எஸ்ல அடிக்காதீங்க, கேல்வனைஸ் பண்ண கிளாம்பை அதோட சேர்த்து சூடேத்தவும் கூடாது. ஜிங்க் 420ல உருகும், இன்னும் சூடு ஏறினா 304, 316ல கிரெயின் எல்லை வழியா உள்ள இறங்கி திடீர்னு பிளந்துடும்.

சீரியம், இட்ரியம்னு ஏதோ துளியூண்டு போட்டா போதும்ங்கிறாங்களே?

எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது. 1937ல இங்கிலாந்துல ஃபைல்ங்கிறவர் வாங்கின பேடன்ட்லயே அரிய மண் உலோகங்களை நூத்துல ஒரு பங்குக்கும் கீழ சேத்தா ஹீட்டர் கம்பி ஆயுசு கூடுதுன்னு இருக்கு. சாதாரணமா குரோமியம் அயனி உள்ள இருந்து வெளிய போய் ஆக்சைடு வளருது. சீரியம், இட்ரியம் மாதிரி பெரிய அயனிங்க ஆக்சைடோட கிரெயின் எல்லையில போய் உக்காந்துக்கிட்டா குரோமியம் வெளிய வர்ற வழி அடைபடும், ஆக்சிஜன் உள்ள வந்து வளர்ற மாதிரி ஆயிடும், வளர்ற வேகம் குறையும். அதைவிட முக்கியம், ஆக்சைடு மெட்டலோட கெட்டியா ஒட்டிக்கும், ஏத்தி இறக்கினாலும் அவ்ளோ சுலபத்துல உதிராது.

கடையில ரெடியா வேணும்னா 253 எம்ஏன்னு ஒரு கிரேடு, 21 குரோமியம், 11 நிக்கல்தான், 310ல இருக்க நிக்கல்ல கிட்டத்தட்ட பாதி, ஆனா சிலிக்கானும் 0.05 சதவீதம் பக்கம் சீரியமும் இருக்கிறதால அதுவும் 1150 வரைக்கும் போகும். கோட்டிங்கா பண்ணணும்னா சீரியம் நைட்ரேட் கரைசல்லயோ, சால்-ஜெல்ங்கிற கூழ் மாதிரி கரைசல்லயோ முக்கி காய வச்சு சுட்டுக்கலாம், மைக்ரானுக்கும் கீழ கனம் போதும். காலேஜ் லேபுக்கு அருமையான புராஜெக்ட், பெரிய மெஷின் ஒண்ணும் வேண்டாம், 304 துண்டை பாதி முக்கி பாதி முக்காம 900ல வச்சு எடுத்தாலே வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். புரொடக்‌ஷன்ல, பெரிய சாமான்ல எல்லா இடத்துலயும் சீரா ஏத்துறதுதான் கஷ்டம்.

தெர்மல் ஸ்ப்ரே பண்ணா? செராமிக் கோட்டிங் பண்ணா காத்தே உள்ள போகாதே?

ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும். எம்க்ராலின்னு சொல்ற நிக்கல்-குரோமியம்-அலுமினியம்-இட்ரியம் பவுடரை ஹெச்விஓஎஃப்ல, அதாவது சுடரோட அதிவேகமா அடிக்கிற கன்ல, அடிச்சா நல்ல ஆக்சிடேஷன் கோட்டிங், கேஸ் டர்பைன் பிளேடுல இருக்கிறதே அதான். கன் நேரா பாக்குற இடத்துல மட்டும்தான் ஏறும், டியூபுக்கு உள்ள, பாஸ்கெட் வலைக்கு பின்னாடி எல்லாம் ஏறாது, விலையும் அதிகம்.

வெள்ளை செராமிக், அதாவது இட்ரியா போட்ட சிர்கோனியா, அது சூட்டைத் தடுக்கிற கோட்டிங். காத்தைத் தடுக்காது. சூடா இருக்கும்போது ஆக்சிஜன் அயனி அதுக்குள்ள தாராளமா ஓடும், கார்ல இருக்க ஆக்சிஜன் சென்சாரும் ஃப்யூவல் செல்லும் வேலை செய்யறதே இந்த குணத்தாலதான். அதனாலதான் டர்பைன்ல அதுக்கு அடியில எம்க்ராலி அடுக்கு கண்டிப்பா போடுறாங்க. ஃபர்னஸ் முழுக்க ஒரே சூட்டுல இருக்கு, உள்ள கூலிங் இல்லைன்னா வெறும் சிர்கோனியா அடிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல.

நைட்ரைடிங்? ஹார்டு குரோம்?

நைட்ரைடிங் தேய்மானத்துக்கு, இதுக்கு எதிரி. நைட்ரஜன் போய் குரோமியத்தைப் பிடிச்சு குரோமியம் நைட்ரைடா கட்டிப்போட்டுடும், ஆக்சைடுக்கு குரோமியம் மிஞ்சாது. ஹார்டு குரோம் பிளேட்டிங்ல பிறவியிலயே மயிர்க்கோடு கிராக் இருக்கும், அது வழியா ஆக்சிஜன் இறங்கிடும். குரோமியம் ஏத்தணும்னா பேக் முறையில குரோமைசிங் பண்ணலாம், ஆனா ஏற்கனவே 18 சதவீதம் இருக்க எஸ்எஸ்க்கு அந்தக் காசுல அலுமினைசிங்கே பண்ணிக்கலாம்.

316 விலை அதிகம், அப்ப 304ஐ விட சூடு நல்லா தாங்கும்தானே?

இல்லைங்க. 316ல கூடுதலா இருக்க மாலிப்டினம் உப்புத் தண்ணிக்காக. காத்து ஓடாத மூடின இடத்துல, மூட்டை கட்டின மாதிரி இன்சுலேஷன் சுத்தி இருந்தா, மாலிப்டினம் ஆக்சைடு வெளிய ஆவியா போக முடியாம அங்கயே தங்கும், 795 டிகிரில உருகும், உருகினது காப்பு ஆக்சைடையே கரைச்சு பொத்தல் போடும். ஃபர்னஸ் ஆயில்ல இருக்க வனேடியமும் இதே வேலையைப் பண்ணும். எந்த கோட்டிங் கேக்குறதா இருந்தாலும் என்ன எரிக்கிறீங்கன்னு முதல்ல சொல்லுங்க.

ஈரக் காத்துல மட்டும் ஏன் சீக்கிரம் போகுது?

குரோமியம் ஆக்சைடு வறண்ட காத்துல 1000 டிகிரி பக்கம்தான் ஆவியாக ஆரம்பிக்கும். ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து இருந்தா 600லயே குரோமியம் ஹைட்ராக்சைடு கேஸா மாறி பறந்து போகும், வளர்றது ஒரு பக்கம், பறக்கிறது ஒரு பக்கம். ஃப்யூவல் செல்லுல இதனால வேற தலைவலி, பறந்த குரோமியம் போய் காத்து பக்க எலக்ட்ரோடுல படிஞ்சு அதை செயலிழக்க வைக்கும். அதுக்காக அங்க ஃபெரிடிக் எஸ்எஸ் தகடு மேல மாங்கனீஸ்-கோபால்ட் ஸ்பினெல்ங்கிற கலப்பு ஆக்சைடு, இல்லைன்னா மெல்லிசா சீரியமும் கோபால்ட்டும் போடுறாங்க. அலுமினைசிங் அங்க ஆகாது, அலுமினா கரண்டை விடாது, தகடோட வேலையே கரண்டை கடத்துறதுதான்.

இவ்ளோ பண்றதுக்கு கிரேடையே மாத்திடலாமா?

பாதி கேஸ்ல அதான் சரி. 304 ட்ரே 950ல பொருக்கு தட்டுதுன்னா கோட்டிங் தேடாம 310க்கோ 253 எம்ஏக்கோ போயிடுங்க. 310ஐ 600லருந்து 900க்குள்ள ரொம்ப நாள் வச்சா சிக்மா ஃபேஸ்ங்கிற நொறுங்குற படிகம் உள்ள வந்து ஆறின பிறகு கீழ போட்டா உடையும், 446 மாதிரி ஃபெரிடிக்ல வேற காரணத்தால நொறுங்குற வியாதி 475 டிகிரி பக்கமே வரும், சூட்டுல பலமும் கம்மி, பாரம் ஏத்தினா தொங்கிடும். பாரம் இல்லாத இடத்துல, 1100, 1200ன்னா இரும்பு-குரோமியம்-அலுமினியம் அலாய், 1931ல ஸ்வீடன்ல ஆரம்பிச்ச காந்தல்ங்கிற கம்பெனி வகை, பிறவியிலயே அலுமினா வளக்கும். வண்டி கேடலிடிக் கன்வெர்டர்ல 50 மைக்ரான் ஃபாயிலா இருக்கிறது இந்த குடும்பம்தான். 2007ல அமெரிக்காவில ஓக் ரிட்ஜ் லேப் அலுமினா வளக்கிற ஆஸ்டெனிடிக் ஸ்டீலையும் காமிச்சாங்க.

வடிவம் சிக்கல், செஞ்சு முடிச்ச சாமான், கார்பனோ சல்ஃபரோ இருக்க காத்து, இந்த மூணுல ஒண்ணு இருந்தா அலுமினைசிங் பக்கம் போங்க.

கோட்டிங் வேலை செய்யுதான்னு நம்ம ஷாப்லயே எப்படி பாக்கிறது?

சாமான் வெட்டின அதே ஷீட்ல விரல் அகலத்துக்கு துண்டு வெட்டி, மூலையை உருட்டி, பாதியை கோட்டிங்குக்கு சாமானோடவே அனுப்புங்க. எல்லாத்தையும் எடை போட்டு, மூடி போட்ட அலுமினா கிண்ணத்துல தனித்தனியா நிக்க வச்சு, உங்க ஃபர்னஸ்லயே உங்க சைக்கிள்லயே ஓட்டுங்க. கிண்ணத்தோட சேத்து ஒரு எடை, துண்டை மட்டும் தனியா ஒரு எடை. முதல் எடை எவ்ளோ ஏறுச்சுங்கிறது எவ்ளோ ஆக்சிஜன் உள்ள போச்சுன்னு சொல்லும், ரெண்டு எடையோட மாற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் எவ்ளோ உதிர்ந்துச்சுன்னு சொல்லும். துண்டோட எடை கொஞ்சம் ஏறி அப்படியே நின்னா நல்லது. ஏறிட்டு இறங்க ஆரம்பிச்சா உதிருது. ஒரே சூட்டுல ரெண்டு நாள் வச்சு எடுத்த ரிப்போர்ட்டை சப்ளையர் காட்டினா மரியாதையா வாங்கி வச்சிட்டு, ஏத்தி இறக்கின ரிப்போர்ட் எங்கன்னு கேளுங்க.

போல்ட்டை கழட்டும்போது எஸ்எஸ் மேல மஞ்சளா பவுடர் மாதிரி இருக்கு, அது என்ன?

தொடாதீங்க. கால்சியம் இருக்க ஆன்டி-சீஸ் கிரீஸோ (போல்ட் மரை இறுகிப் பிடிக்காம இருக்கப் பூசுறது), கால்சியம் இருக்க இன்சுலேஷனோ சூட்டுல குரோமியம் ஸ்டீலோட ஒட்டி இருந்தா கால்சியம் குரோமேட் உருவாகும், அந்த மஞ்சள் அதுதான். அதுல இருக்கிறது ஆறாவது நிலை குரோமியம், கேன்சர் வரவைக்கிற சாமான். கம்பிரஸர் காத்து அடிக்கிறது, வயர் பிரஷ் போட்டு தேய்க்கிறது ரெண்டும் கூடவே கூடாது, தூள் பறக்கும். சரியான மாஸ்க், கிளவுஸ் போட்டு, ஈரமாக்கி துடைச்சு, துணியை தனியா கட்டி அபாயக் கழிவுல போடணும். அடுத்த தடவை மாட்டும்போது கால்சியம் இல்லாத ஆன்டி-சீஸ் கேட்டு வாங்கிப் போடுங்க.